அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லிவிட்டார்கள், இனி வீட்டில் என்ன செய்வது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். அப்பாவுக்கு 57 வயது. காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை. பல வருடமாக பி.பி.யும் சர்க்கரையும் இருக்கிறது. போன மாதம் ராத்திரியில் படுக்க முடியாமல் மூச்சு வாங்கி, கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இல்லை, ஆனால் எக்கோ என்ற இதய ஸ்கேனில் இ.எஃப். 30. கை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் இருப்பார், என்ன சாப்பிடக் கொடுப்பது, வேலைக்குப் போகலாமா, அழுதுகொண்டே இருக்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதய நோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வண்ணாரப்பேட்டைக்காரி. எந்த மருந்து எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி நிறையச் சொல்ல முடியும். தேறி வீட்டுக்குப் போனவர் ஒரே மாதத்தில் அதே மூச்சிரைப்போடு திரும்பி வருவார். விசாரித்தால் உப்பு ஏறியிருக்கும், இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தியிருப்பார், அதுவும் இல்லையென்றால் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார். மூன்றும் வீட்டிலேயே தடுக்கக் கூடியவை.

முதலில் அந்த 30. நூற்றுக்கு முப்பது மார்க் என்று நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான். 40-க்குக் கீழே போனால் பம்பு பலவீனம் என்று அர்த்தம். நம் தெருவில் வாஷர் தேய்ந்த அடிபம்பு இருக்குமே, அடித்தால் தண்ணீர் வரும், ஆனால் கொஞ்சமாக வரும். இதயமும் அப்படித்தான், வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. முன்னால் போகாத ரத்தம் பின்னால் தேங்குவதால் நுரையீரலில் நீர் கோக்கிறது, காலில் இறங்குகிறது, வயிறு உப்புகிறது. சிறுநீரகமோ ரத்தம் போதவில்லை என்று எண்ணி, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. தேக்கம் இன்னும் கூடுகிறது. தரும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்தச் சுழலை உடைக்கத்தான்.

எத்தனை நாள் என்பதற்கும் நேரடியாகவே சொல்கிறேன். கூகுளில் தேடினால் ஐந்து வருடத்தில் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள் என்ற கணக்கு கண்ணில் படும். அது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் அதில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரர்கள், இன்றைய நான்கு வகை மருந்துகள் ஒன்றாகக் கிடைப்பதற்கு முந்தைய காலத்தவர்கள். நம் ஊரில் இந்த நோய் சீக்கிரமே வந்துவிடுகிறது, திருவனந்தபுரத்து இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் நோயாளிகளின் சராசரி வயதே 61தான். அப்பா இன்னும் சின்ன வயது. பெரிய அடைப்பும் இல்லை. மருந்து பிடித்து, பி.பி.யும் சர்க்கரையும் அடங்கினால், மூன்று முதல் ஆறு மாதத்தில் இ.எஃப். நன்றாக ஏறுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஏறும் என்று சத்தியம் செய்ய முடியாது. நோய் கடுமையானதுதான், ஆனால் கையை விட்டுப் போய்விட்டது என்று இன்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒரு எடை மெஷின் வாங்குவது. டிஜிட்டல் மெஷினாக இருந்தால் நல்லது, விலை உயர்ந்தது வேண்டாம். சமதளமான தரையில் வையுங்கள், பாய் மேல் வேண்டாம். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, டீ குடிப்பதற்கு முன்னால், அதே மாதிரி லுங்கி பனியனோடு ஏறி நிற்கட்டும். எண்ணை ஒரு நோட்டில் அவரே எழுதட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உடம்பில் நீர் கோக்க ஆரம்பித்தால் கால் வீங்குவதற்குச் சில நாள் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ, அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ தகவல் சொல்லுங்கள். நீர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலே சரியாகிவிடும் கட்டம் அது. நாலு நாள் விட்டால் மறுபடி அட்மிஷன்.

எடையோடு இன்னும் சிலதைக் கவனியுங்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மேல் விரலால் கொஞ்ச நேரம் அழுத்தினால் குழி நிற்கிறதா? லுங்கி முடிச்சு வயிற்றில் பதிந்து தடம் விழுகிறதா? நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாரா? ஒரு தலையணையில் தூங்கியவர் இரண்டு கேட்கிறாரா? குனிந்து பக்கெட்டைத் தூக்கும்போது மூச்சு வாங்குகிறதா? ராத்திரி படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமலைச் சளி என்று நினைத்து டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த பலர் வார்டுக்கு வந்திருக்கிறார்கள்.

இப்போது உப்பு. இது நம் பகுதியில் பெரிய பிரச்சினை, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நல்ல ஆரோக்கியமானவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தட்டி எடுத்த ஒரு டீஸ்பூன், மூன்று வேளைக்கும் சேர்த்து. வீட்டில் நான்கு பேர் என்றால் மாதத்துக்கு 600 கிராம்தான் வருகிறது. அம்மாவிடம் மாதம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறோம் என்று கேளுங்கள். கருவாடு, ஊறுகாய், கடைச் சாப்பாடு எல்லாம் தனியாக இருக்கும்போது ஒரு கிலோ பாக்கெட்டும் தீர்ந்துபோகிறது என்றால் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

காசிமேட்டுக்காரருக்கு மீனை விடச் சொல்ல மாட்டேன், சொல்லவும் தேவையில்லை. ஃப்ரெஷ் மீன் நல்ல சாப்பாடு. சங்கரா, கிழங்கா, நெத்திலி, எது வந்தாலும் புளியும் மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு, உப்பைப் பாதியாக்கிக் குழம்பு வையுங்கள். வறுவலுக்கு மசாலாவில் உப்பே போடாமல் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துப் பாருங்கள். விட வேண்டியது கருவாட்டை. வெந்நீரில் எத்தனை முறை அலசினாலும் உள்ளே ஊறிய உப்பு முழுக்கப் போகாது. அப்பளம், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ், நூடுல்ஸ், ஃபாஸ்ட் ஃபுட் கடை சாஸ் எல்லாம் அதே பட்டியல்தான். பஜ்ஜி போண்டாவில் போடும் ஆப்ப சோடாவும் சோடியம்தான், நாக்குக்கு உப்புக் கரிக்காததால் தெரிவதில்லை. பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவது அவருக்குப் பழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். எடை ஏறாமல் நிலையாக இருக்கும் காலத்தில் எப்போதாவது ஒரு நாள், சூப்பைத் தொடாமல், மற்ற இரண்டு வேளையும் உப்பைக் குறைத்துக்கொண்டு சாப்பிட்டால் என் மனசு ஒத்துக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு தப்பு எல்லா வீட்டிலும் நடக்கிறது. சாதா உப்பை நிறுத்திவிட்டு இந்துப்பு வாங்குவார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், கணக்கு ஒன்றுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது அதைவிட ஆபத்து, அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். அப்பாவின் சீட்டில் ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை இருந்தால் அதுவே பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்து அளவு தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும். வெயிலுக்கு நல்லது என்று தினமும் இளநீர் கொடுப்பதிலும் இதே சிக்கல்தான், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நாக்கு பழகச் சில வாரம் ஆகும். அதுவரை வீட்டில் சண்டை வரும். அவருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் அது தண்டனையாகத் தெரியும், அதனால் வீடு முழுக்கவே உப்பைக் குறையுங்கள். அப்பாவுக்கு பி.பி. இருப்பதால் உங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு, உங்களுக்கும் அது நல்லதுதான்.

தண்ணீருக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. நீர் அதிகம் கோத்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று எழுதுவார்கள். அப்பாவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். டீ, ரசம், மோர், கஞ்சி, பழைய சோற்று நீர் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். காலையில் அந்த அளவுத் தண்ணீரை பாட்டிலில் நிரப்பி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் டீ குடித்தால் அதே டம்ளர் தண்ணீரை பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் மே மாத வெயிலில் வியர்வையாகவே நிறையப் போய்விடும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, எடை இரண்டு கிலோ இறங்கிவிட்டது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் நீர் மாத்திரை அந்த வெயிலுக்கு அதிகம் என்று அர்த்தம். அப்போதும் போன் செய்ய வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் அப்படித்தான், சில மாத்திரைகளை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். அதை டாக்டர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

மாத்திரைகளுக்கு வருகிறேன். இ.எஃப். குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ராமிப்ரில், எனலாப்ரில் அல்லது சாக்குபிட்ரில்-வால்சார்டன் ஒரு வகை. கார்வெடிலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் இன்னொரு வகை. ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்லெரினோன் மூன்றாவது. டாப்பாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் நான்காவது. இந்தக் கடைசி வகை சர்க்கரை மாத்திரையாக வந்தது, இப்போது சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் கொடுக்கிறார்கள், எனக்கு சர்க்கரையே இல்லையே என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. லாசிக்ஸ், டைடார் போன்ற நீர் மாத்திரைகள் மூச்சிரைப்பை உடனே குறைக்கும். ஆயுளைக் கூட்டுவது முன்னே சொன்ன நான்கும்தான். பலன் உடம்புக்கு உடனே தெரியாததால் அவற்றைத்தான் ஜனங்கள் முதலில் விடுகிறார்கள்.

நன்றாகிவிட்டது, இனி எதற்கு என்ற எண்ணம் வரும். பிரிட்டனில் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2019-இல் வெளியானது. இதயத் தசை பலவீனமாகி, மருந்தால் முழுக்கத் தேறி, எக்கோவும் நார்மலாக வந்தவர்களுக்கு டாக்டர்கள் மேற்பார்வையிலேயே மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது. இ.எஃப். ஏறிய பிறகும் மாத்திரை தொடர வேண்டும் என்று டாக்டர்கள் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வீட்டு பி.பி. மெஷினில் 100/60 காட்டியது என்று பயந்து அன்றைக்கு மாத்திரையைக் கொடுக்காமல் விடுவதும் நடக்கிறது. இந்த நோய்க்கு பி.பி. கொஞ்சம் இறங்கியே இருப்பதை டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள். தலை சுற்றல், மயக்கம் இருந்தால்தான் கவலை. எந்த எண்ணுக்குக் கீழே போனால் போன் செய்ய வேண்டும் என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ராமிப்ரில் வகையில் வறட்டு இருமல் வரலாம். ஸ்பைரோனோலாக்டோனில் ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கலாம், வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். டாப்பாகிளிஃப்ளோசினில் பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது, சொன்னால்தான் மாற்றுவார்கள். கார்வெடிலால் வகையை மட்டும் திடீரென்று நிறுத்தவே கூடாது.

நீர் மாத்திரை போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி ஒன்றுக்கு வரும். விடியற்காலையில் ஏலத்துக்குப் போகிறவர் அங்கே எங்கே போவார்? அதனால் வேலை நாளில் மட்டும் அதை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம், நேரத்தை மாற்றலாம். வீட்டுக்கு வந்த பிறகு போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். மூட்டை தூக்கிய முதுகு வலிக்கு "ஒரு செட்டு மாத்திரை குடுப்பா" என்று கேட்டால், வெள்ளைக் காகிதத்தில் மூன்று நான்கு மாத்திரையை மடித்துக் கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டும் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டு நாள் போட்டுவிட்டு மூன்றாம் நாள் மூச்சு வாங்க வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தக் காகித மடிப்பைக் கண்டாலே ஆத்திரம் வரும். வலிக்குச் சாதாரண பாராசிட்டமால் போதும், தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை மட்டும் வேண்டாம், அதில் சோடியம் உண்டு. சர்க்கரைக்கு பியோகிளிட்டசோன் கொடுத்திருந்தால் அதுவும் நீர் கோக்க வைக்கும், அடுத்த முறை சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நாட்டு மருந்தில் அதிமதுரம் கூட உப்பைத் தேக்கும். என்ன சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சாராயம், பீடி, மாவா, ஹான்ஸ் எல்லாம் முழு நிறுத்தம். குடியால் பலவீனமான இதயம் குடியை நிறுத்தினாலே தேறுவதும் உண்டு. ஃப்ளூ ஊசி வருடம் ஒரு தடவை, நிமோனியா தடுப்பூசியும் கேளுங்கள். ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்பு குறைந்து அசதி வருவதுண்டு, அதற்கு ஊசி வழியாக ஏற்றுவார்கள்.

நடக்கச் சொல்லுங்கள். படுத்தே இருந்தால் கால் தசை கரைந்து இன்னும் மூச்சு வாங்கும். சமதளத்தில் ஐந்து, பத்து நிமிடம், காலையும் மாலையும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. வாரா வாரம் சில நிமிடம் கூட்டலாம். நெஞ்சு வலி, படபடப்பு, தலை சுற்றல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் சாலை ஓரம் வேண்டாம், அந்தப் புகையும் தூசியும் பலவீனமான இதயத்துக்கு ஆகாது. ராயபுரத்தில் இருப்பவர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது, 1949-இல் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த அதே இடம்தான். போகிப் பண்டிகையன்று காலையிலும், மணலி, எண்ணூர் பக்கம் வாயு நெடி அடிக்கும் நாட்களிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

வேலைக்குப் போகலாமா என்றால், இப்போது உடனே வேண்டாம். மருந்தின் அளவு ஏறி நிலைபெறும் வரை சில மாதம் போகட்டும். அப்புறமும் ஐஸ் பெட்டி, மீன் கூடை தூக்குவது கூடாது. உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை, பணம் வாங்கிக் கொடுக்கும் வேலை கிடைக்குமா என்று முதலாளியிடம் நீங்களே பேசுங்கள். சம்பளம் குறைந்தாலும் அவருக்கு ஒரு வேலை இருப்பது முக்கியம்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. ஸ்டான்லியிலும் ஜி.எச்.சிலும் இதயப் பிரிவு இருக்கிறது, சிகிச்சையும் மருந்தும் இலவசம். வெளியே வாங்க நேர்ந்தால் முதல்வர் மருந்தகத்திலோ ஜன் ஔஷதியிலோ ஜெனரிக் கேளுங்கள், காப்புரிமை முடிந்துவிட்டதால் டாப்பாகிளிஃப்ளோசினும் சாக்குபிட்ரிலும் முன்பு இருந்த விலையில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்து வையுங்கள். மூன்று மாதம் முழு மருந்து சாப்பிட்டும் இ.எஃப். 35-ஐத் தாண்டாவிட்டால் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. என்ற கருவி வைக்கலாமா என்ற பேச்சு வரும், அது விலை கூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் பகுதியில் எத்தனை தெருவில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். அக்டோபர் வந்துவிட்டால் இரண்டு வார மாத்திரையும் சீட்டின் ஜெராக்ஸும் தண்ணீர் புகாத கவரில் தயாராக இருக்கட்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இளஞ்சிவப்பாக நுரைத்த சளி, நெஞ்சு வலி, மயங்கி விழுவது, இவற்றில் எது வந்தாலும் 108. நினைவோடு மூச்சு வாங்குகிறவரைப் படுக்க வைக்காதீர்கள், காலைத் தொங்கப்போட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது வேண்டாம், ஆம்புலன்ஸில்தான் ஆக்சிஜன் இருக்கும்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. நோயாளிக்குத் தெரியாமல் பேசுவது நம் வீடுகளில் அன்பாக நினைக்கப்படுகிறது, ஆனால் எல்லோரும் கிசுகிசுப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பாதி ஒடிந்துபோகிறார். சம்பாதித்தவர் சும்மா உட்காரும்போது மனசு சோர்ந்துவிடும். பேசாமல் இருக்கிறார், தூங்கவில்லை, சாப்பாட்டைத் தள்ளுகிறார், மாத்திரை வேண்டாம் என்கிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்கலாமா என்ற கேள்வியை அவர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள். இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் பொதுவாகத் தடையில்லை என்பதை டாக்டர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவைக் காவல்காரி ஆக்காதீர்கள். உப்பு, மாத்திரை, எடை மூன்றையும் அவர் தலையில் கட்டினால் அழுகை கூடத்தான் செய்யும். மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நிரப்புங்கள், எடையை அப்பா எழுதட்டும், சமையல் மட்டும் அம்மாவிடம் இருக்கட்டும்.

அடுத்த ரெவ்யூவுக்குப் போகும்போது அந்த நோட்டு, எக்கோ ரிப்போர்ட், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையும் ஒரே பையில் போகட்டும். பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்தார்களா, மருந்தின் அளவை எப்போது ஏற்றுவார்கள், மறு எக்கோ எந்த மாதம் என்ற மூன்றையும் கேட்காமல் வெளியே வராதீர்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், தம்பி.